ஆறு அரைத்த மாவு

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள வின்செஸ்டர் நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் அதன் பேராலயத்தைக் காணவே செல்கின்றனர். 1079ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பெற்ற அந்தப் பேராலயம் காணத்தக்கதே. ஆயினும் அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்து, ஆல்ஃபிரடு மன்னரின் சிலையைக் கடந்து சென்றால், இட்சன் ஆற்றுப் பாலத்தின் ஓரத்தில் ஒரு செங்கல் கட்டடம் தென்படும். அதன் அடியிலே ஆறு பாய்ந்து செல்கிறது. அதுவே வின்செஸ்டர் நகர ஆலை. நீரின் விசையால் கோதுமையை மாவாக்கும் பழைய நீராலை.

இவ்விடத்தில் ஓர் ஆலை இருந்ததற்கு 900 ஆண்டுகளுக்கும் முற்பட்ட எழுத்துச் சான்று உண்டு. கன்னியர் மடத்தின் உடைமையாக இருந்து, அரசியின் கொடையாகி, நகரத்தாரின் சொத்தாகி, தனியார் கைக்கு மாறி, ஓட்டம் நின்று, விற்பனைக்கு வந்து, இறுதியில் மீண்டும் எழுந்து மாவரைத்த ஆலை இது. கல்லும் மரமும் கொண்ட இந்தக் கட்டடத்தின் வரலாறு, மக்களின் அன்றாட அப்பத்தின் வரலாறே ஆகும். ஆகவேதான் குடும்பமாகச் சென்று காணத்தக்க இடங்களில் இதனையும் ஒன்றாகச் சேர்க்கிறோம்.

கரம் வருந்தாமல் அரைத்த கல்

இங்கிலாந்தில் வாழும் உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்த காலத்தில், பிள்ளைகளோடும் எங்கள் அன்னையாரோடும் இந்த ஆலையைக் காணச் சென்றோம். உள்ளே நுழைந்தவுடன் எங்களை வரவேற்றது ஓசைதான். கீழே ஆற்றின் முழக்கம். மேலே மரப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் தாளம். இரண்டுக்கும் இடையே எங்கள் கால்களுக்குக் கீழ் மெல்ல நடுங்கும் மரத்தளம். புதிய மாவின் வெதுவெதுப்பான மணம் அறை முழுவதும் நிறைந்திருந்தது.

ஆலையின் வேலைமுறை எளிமையானது. பார்க்கும் சிறுவனும் விளங்கிக் கொள்ளலாம். மதகைத் திறந்ததும் வாய்க்கால் வழியே விரைந்து வரும் நீர், சக்கரத்தின் பலகைகளைத் தள்ளுகிறது. சக்கரத்தோடு அதன் கிடை அச்சும், அந்த அச்சில் பூட்டிய பெரிய பற்சக்கரமும் சுழல்கின்றன. அது நிமிர்ந்து நிற்கும் மற்றோர் அச்சைத் திருப்புகிறது. அதிலிருந்து வேறு பற்சக்கரங்கள் மேல்தளத்துக் கல்லுக்கு விசையைக் கொண்டு செல்கின்றன. மெதுவாகச் சுழலும் நீர்ச்சக்கரம், பெரிதும் சிறிதுமான பற்சக்கரங்களின் சேர்க்கையால், கல்லை விரைந்து சுழலச் செய்கிறது. இவ்வாறு பற்சக்கரங்கள் பூட்டிய நீராலையைக் கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்னரே உரோமானியப் பொறியாளரான வித்ருவியு தம் நூலில் விவரித்துள்ளார். பழைய ஆலைகளில் இரும்புப் பல்லோடு மரப்பல்லே பொருந்துமாறு அமைப்பது வழக்கம். ஓசையும் தேய்மானமும் அதனால் குறையும். ஏதேனும் சிக்கிக்கொண்டால் மலிவான மரப்பல்லே முறியும். விலையுயர்ந்த இரும்புச் சக்கரம் தப்பிவிடும்.

கற்கள் இரண்டு. அடிக்கல் அசையாது; மேற்கல் சுழலும். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள மேற்கல் அடிக்கல்லைத் தொடாமலேயே சுழல வேண்டும் என்பதில்தான் ஆலைக்காரரின் திறமை அடங்கியுள்ளது. நடுவில் தடித்த தாளின் கனமும், விளிம்பில் மெல்லிய தாளின் கனமுமே இடைவெளி இருக்க வேண்டும் என்பது பழைய ஆலைக்காரர்களின் கணக்கு. கூம்பு வடிவத் தொட்டியிலிருந்து தானியம் சிறிது சிறிதாகக் கல்லின் கண்ணில் விழுகிறது. கற்களில் வெட்டிய பள்ளங்களின் வழியே நொறுங்கிக்கொண்டே வெளிப்புறம் நகர்ந்து, மாவாகிக் கீழ்த்தளத்துப் பெட்டியில் இறங்குகிறது. தொட்டியில் தானியம் தீரும் நிலை வந்தால் தானாகவே ஒலிக்கும் மணியொன்றைப் பல ஆலைகளில் கட்டி வைத்திருந்தனர். தானியமின்றிக் கல்லோடு கல் உரசினால் தீப்பொறி எழும். மாவுத் தூசி நிறைந்த மரக்கட்டடத்தில் ஒரு பொறியே போதுமன்றோ!

எங்கள் அன்னையார் இவற்றையெல்லாம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். காட்சிக்காகச் சாய்த்து வைத்திருந்த பழைய கல்லொன்றின் பள்ளங்களைத் தடவிப் பார்த்து, "இது நம் வீட்டுத் திருகைதான். என்ன, பெரிதாக இருக்கிறது, அவ்வளவே" என்றார். பள்ளங்கள் தேய்ந்தால் கல்லைப் புரட்டிப் போட்டு உளியால் கொத்துவார்கள் என்று அங்கிருந்தவர் விளக்கியபோது, "எங்கள் தெருவிலும் கல் கொத்துகிறவர் வருவார்" என்று பேரப்பிள்ளைகளிடம் கூறினார். பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து, திருகையின் முன் அமர்ந்து கேழ்வரகு அரைத்த நாட்களை அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் வியப்போடு கேட்டனர். "ஆறு செய்கிற வேலையை நீங்களா பாட்டி செய்தீர்கள்?" என்று சிறியவள் வினவினாள். "வீட்டிலே ஆறு ஏது? கைதான் ஆறு" என்றார் அவர்.

அந்த மறுமொழியில் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது. தானியத்தை மாவாக்கும் வேலை நீண்ட காலமாகப் பெண்களின் கரங்கள் மீதும் அடிமைகளின் தோள்கள் மீதும் ஏற்றப்பட்டிருந்தது. எகிப்தின் அடிமைநிலையைச் சொல்ல வந்த விடுதலைப்பயண நூல், திரிகைக்கல்லின் பின்னே அமர்ந்திருக்கும் அடிமைப்பெண்ணையே மிகத் தாழ்ந்த நிலைக்கு எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. கண்ணிழந்த சிம்சோனைப் பெலிஸ்தியர் மாவரைக்கும் வேலையில் பூட்டினர். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தெசலோனிக்க நகரத்து அந்திபாத்தர் என்னும் கிரேக்கக் கவிஞர், நீராலை வந்துவிட்டதால் அரைக்கும் பெண்கள் இனி நெடுநேரம் உறங்கலாம் என்று மகிழ்ந்து பாடினார். மனிதக் கரத்தின் சுமையை ஓடும் நீரின் மீது மாற்றி வைத்த அந்தச் செயல், மனிதகுலத்தின் பெரும் விடுதலைகளுள் ஒன்று எனலாம்.

கன்னியர் மடமும் அரசியின் கொடையும்

இந்த ஆலையின் வரலாற்றைச் சற்றே காண்போம். இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர் 1086ஆம் ஆண்டில் தம் நாட்டின் நிலம், கால்நடை, ஆலை அனைத்தையும் கணக்கெடுக்கச் செய்தார். அந்தக் கணக்கேட்டில் 5,000-க்கும் மேற்பட்ட ஆலைகள் இடம்பெற்றுள்ளன. காற்றாலைகள் அந்நாட்டிற்கு வந்திராத காலமாதலால், அவை நீராலைகளே. வின்செஸ்டரின் கிழக்கு வாயிலருகே இருந்த இந்த ஆலை, வெர்வெல் என்னும் ஊரிலிருந்த, புனித ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியரின் உடைமையாயிருந்தது. ஆண்டுக்கு 48 ஷில்லிங் வருவாய் தந்தது. அந்த மடத்தை ஏறத்தாழ 986ஆம் ஆண்டில் நிறுவியவர் எட்கர் மன்னரின் மனைவியான எல்ஃப்திரித் அரசியார். தம் மாற்றாள் மகனான எட்வர்டு மன்னர் கொலையுண்டதில் அவருக்குப் பங்கிருந்தது என்றும், அதற்குப் பரிகாரமாகவே மடத்தைக் கட்டினார் என்றும் மரபு கூறுகிறது.

எட்டாம் ஹென்றி மன்னர் துறவற மடங்களை ஒழித்தபோது, 1539ஆம் ஆண்டில் வெர்வெல் மடமும் மறைந்தது, ஆலை அரசுடைமையாயிற்று. 1554ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், அரசி மேரிக்கும் எசுப்பானிய இளவரசர் பிலிப்புக்கும் வின்செஸ்டர் பேராலயத்தில் திருமணம் நடைபெற்றது. அந்தத் திருமணத்திற்காக நகரத்தார் செய்த செலவுக்கு ஈடாக, அரசி இந்த ஆலையை நகரத்திற்கு அளித்தார் என்பர். நாம் இன்று காணும் கட்டடம் 1743ஆம் ஆண்டளவில் எழுப்பப்பெற்றது. 1820ஆம் ஆண்டில் நகரத்தார் அதனை விற்றனர்.

ஆற்றைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். இட்சன் ஒரு சுண்ணாம்புப் படுகை ஆறு. மழைநீர் சுண்ணாம்புக் குன்றுகளில் ஊறித் தேங்கி, ஊற்றாகச் சுரந்து ஆறாகிறது. ஆகவே வெள்ளமும் குறைவு, வறட்சியும் குறைவு. நீர் தெளிவாகவும் ஒரே சீராகவும் ஓடும். இத்தகைய ஆறுகள் உலகில் அரியவை. பெரும்பாலானவை இங்கிலாந்திலேயே உள்ளன. பல நூற்றாண்டுகள் ஓர் ஆலை ஒரே இடத்தில் ஓடியதற்கு இந்த ஆற்றின் சீரான நடையே காரணம்.

ஆலை யாருக்காக?

இதுவரை சொன்னதைக் கேட்போர், நீராலை வந்ததும் ஏழையின் துயர் தீர்ந்தது என்று எண்ணக்கூடும். உண்மை அவ்வளவு எளிதன்று. ஆலை கட்டப் பெரும்பொருள் வேண்டும். ஆற்றின் மீது உரிமையும் வேண்டும். எனவே பண்ணை உரிமையாளர்களும் பெரிய மடங்களுமே ஆலைகளை வைத்திருந்தனர். கட்டிய செலவை மீட்பதற்காக, தம் பண்ணைக் குடிகள் தம் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று பலர் கட்டளையிட்டனர். அரைத்ததில் ஒரு பங்கு கூலியாகச் செல்லும். அது 16-இல் ஒன்று முதல் 24-இல் ஒன்று வரை இடத்துக்கு இடம் மாறிற்று. தன் வீட்டுத் திருகையில் அரைப்பதே குற்றமாக எண்ணப்பட்ட ஊர்களும் உண்டு.

இதற்கு வரலாற்றில் நிலைபெற்ற சான்று, இலண்டனுக்கு வடக்கேயுள்ள புனித ஆல்பனின் மடத்தில் நடந்த நிகழ்ச்சி. 1327 முதல் 1336 வரை அங்கு மடத்துத் தலைவராயிருந்த ரிச்சர்டு வாலிங்ஃபோர்டு என்பவர் பேரறிஞர். வானியல் கடிகாரம் ஒன்றை வடிவமைத்துப் புகழ் பெற்றவர். அவருடைய காலத்தில் ஊர்மக்களின் திருகைகள் பறிமுதல் செய்யப்பட்டன. மடத்தில் விருந்தினரோடு உரையாடும் கூடத்தின் தரையில் அந்தக் கற்கள் பதிக்கப்பட்டன. ஏழைப் பெண்கள் அரைத்த கற்கள் மீது பெரியோரின் காலடிகள் ஏறக்குறைய 50 ஆண்டுகள் நடந்தன. 1381ஆம் ஆண்டு உழவர் கிளர்ச்சியின்போது ஊர்மக்கள் மடத்தினுள் புகுந்து, அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டனர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் மந்திரித்த அப்பத்தைப் பகிர்வது போல அதனைச் செய்தனர் என்று அம்மடத்துத் துறவியும் வரலாற்றாசிரியருமான தாமஸ் வால்சிங்காம் எழுதி வைத்துள்ளார். கிளர்ச்சியை வெறுத்த ஒருவரே இதனை எழுதியுள்ளார் என்பதைக் கருதுக.

திருச்சபையின் பிள்ளைகளாகிய நமக்கு இதனைப் படிக்க வருத்தமாகவே இருக்கிறது. ஆயினும் மறைப்பதற்கில்லை, மறைத்தால் கற்கவேண்டிய பாடத்தையும் இழப்போம். அந்தப் பாடம் திருநூலில் தெளிவாகவே உள்ளது. இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை வருகிறது. கடனுக்காக எவனுடைய திரிகைக்கல்லையோ அதன் மேற்கல்லையோ அடகாகப் பெறக்கூடாது. ஏனெனில் அது அவனுடைய உயிரையே அடகாகப் பெறுவதாகும். ஏழையின் வீட்டிலுள்ள ஒரு கல்லைக் காக்கவும் இறைவன் சட்டம் வகுத்தார்! திருகையைப் பிடுங்கித் தரையில் பதித்தவர்களும் இந்த நூலை அறிந்தவர்களே. சுமையை இலேசாக்கும் கருவி நன்மையா தீமையா என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை; அதனைக் கையில் வைத்திருப்போரின் நீதியே முடிவு செய்கிறது.

வின்செஸ்டர் ஆலையின் வாசலிலேயே இதற்கு நேர்மாறான ஒரு மரபுக்கதை காத்திருக்கிறது. ஆலையின் பக்கத்திலுள்ள பாலம் 1813ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் அவ்விடத்தில் முதலில் பாலம் கட்டுவித்தவர், 9ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டரின் ஆயராயிருந்த புனித சுவிதின் என்பர். ஒருநாள் ஏழைப் பெண்ணொருத்தி கூடை நிறைய முட்டைகளோடு பாலத்தில் வந்தாளாம். அங்கிருந்தோர் அவளை இடித்துத் தள்ள, முட்டைகள் யாவும் உடைந்தன. அவளுடைய அழுகுரல் கேட்ட ஆயர் அருகில் வந்து, உடைந்த முட்டைகளை முன்போல் முழுமையாக்கித் தந்தார் என்று கதை சொல்கிறது. பிள்ளைகளுக்கு இக்கதை மிகவும் பிடித்துவிட்டது. பாலம் கட்டிய பெரியவர், அப்பாலத்தில் நடக்கும் ஏழையின் கூடையையும் கவனித்தார் என்பதே இதன் பொருள்.

நின்ற சக்கரம் மீண்டும் சுழன்றது

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராலைகளுக்கு இறுதிக்காலம் நெருங்கிற்று. கல்லுக்குப் பதிலாக எஃகு உருளைகளால் அரைக்கும் முறை அங்கேரி நாட்டில் வளர்ச்சி பெற்று எங்கும் பரவியது. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்க, துறைமுகங்களில் நீராவியால் ஓடும் பேராலைகள் எழுந்தன. உருளைகள் தவிட்டையும் முளைக்கருவையும் பிரித்தெடுத்து வெண்மையான மாவைத் தந்தன. கல்லில் முழுமையாக அரைத்த மாவிலோ தவிடும் முளைக்கருவும் கலந்தே நிற்கும். சத்து மிகுதி, ஆனால் கருவிலுள்ள எண்ணெயால் விரைவில் கெடும். மக்கள் வெண்மையையே விரும்பினர். சிற்றூர் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. வின்செஸ்டர் ஆலையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவரைப்பதை நிறுத்தியது. சில காலம் சலவை நிலையமாகவும் இருந்தது.

1928ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தபோது, அழிந்துபோகாமல் காக்க விரும்பிய அன்பர்கள் சிலர் பொருள் திரட்டி அதனை வாங்கினர். வாங்கித் தமக்கென வைத்துக்கொள்ளாமல், பழம்பொருட்களையும் இயற்கை எழிலையும் காக்கும் தேசிய அறக்கட்டளைக்கு வழங்கினர். 1931 முதல் 2005 வரை அது இளைஞர் விடுதியாகப் பயன்பட்டது. கால்நடையாகவும் மிதிவண்டியிலும் நாடு சுற்றும் எளிய இளைஞர்கள் குறைந்த செலவில் அங்கே தங்கினர். இதற்கிடையில் சக்கரத்தையும் கற்களையும் சீர்செய்யும் பணி ஏறத்தாழ 12 ஆண்டுகள் நடைபெற்றது. 2004ஆம் ஆண்டில் ஆலை மீண்டும் மாவரைத்தது. அதற்குள் 90 ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த மறுசீரமைப்பின் பயனை நாங்கள் கண்ணாரக் கண்டோம். இன்று அந்த ஆலையில் அரைத்தே ஆகவேண்டும் என்று எவருக்கும் கட்டளையில்லை. பெட்டியிலிருந்து ஒரு பிடி மாவை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கக் குழந்தைகளை அழைக்கின்றனர். சிறு கல் திருகை ஒன்றில் தாங்களே அரைத்துப் பார்த்த எங்கள் பிள்ளைகள், சிறிது நேரத்தில் கை ஓய்ந்து, கையளவு மாவுகூடச் சேரவில்லையே என்று திகைத்தனர். பாட்டியின் முகத்தை அப்போது அவர்கள் பார்த்த பார்வை, எந்தப் பாடநூலும் கற்பிக்க இயலாதது. நள்ளிரவில் நீர்நாய்கள் ஆலையின் அடியில் வந்துபோவதை ஒளிப்படக் கருவிகள் பதிவு செய்துள்ளன. மனிதரின் அப்பத்திற்கும் நீர்நாயின் வீட்டிற்கும் ஒரே ஆறு இடந்தருகிறது!

நம் இல்லங்களுக்கு

அன்பு வாசகர்களே, பழைய நீராலையைக் காண எல்லாருக்கும் வாய்ப்புக் கிட்டாது. ஆயினும் அது கற்பிக்கும் பாடத்தை நம் இல்லத்திலேயே படிக்கலாம். நாம் அன்றாடம் இறைவனிடம் வேண்டும் அப்பம், எத்தனையோ கரங்களைக் கடந்தே நம் உணவு மேசைக்கு வருகிறது. உழுதவர், அறுத்தவர், சுமந்தவர், அரைத்தவர், சமைத்தவர் ஆகியோர் அனைவரையும் உணவுக்கு முன் செய்யும் செபத்தில் ஒரு கணம் நினைக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். வீட்டில் முதியோர் இருப்பின், அவர்கள் எவ்வாறு அரைத்தனர், எவ்வாறு இடித்தனர் என்று பிள்ளைகள் கேட்கட்டும். மூலையில் கிடக்கும் திருகையை விற்றுவிடும் முன், அதில் ஒரு பிடி தானியத்தையாவது பிள்ளைகள் தம் கையால் அரைத்துப் பார்க்கட்டும்.

இன்று பொறிகள் நம் சுமைகளைப் பெரிதும் குறைத்துவிட்டன. அது கடவுளின் கொடையே. ஆனால் நம் தோளிலிருந்து இறங்கிய சுமை மற்றொருவரின் தோளில் ஏறியதா என்று பார்க்கும் கடமை நமக்கு உண்டு. மாவு பொட்டலமாக வந்து சேர்ந்த பின்னும், அடுப்படியில் ஒருவரே ஓய்வின்றி உழைக்கிறாரா? நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் கூலி, அவள் பிள்ளைகளின் உணவுக்குப் போதுமானதா? எளியவருக்குக் கொடுத்த கடனுக்காக அவருடைய பிழைப்புக் கருவியையே நாம் பிடித்து வைத்திருக்கிறோமா? அவருடைய தையல் இயந்திரமும் மிதிவண்டியும் இக்காலத்துத் திரிகைக்கற்களே அன்றோ!

திரிகையின் ஓசை அடங்கிய ஊரை, விளக்கொளி அணைந்த ஊரோடு சேர்த்துப் பாழடைந்த ஊராகவே இறைவாக்கினர் எரேமியா காட்டுகிறார். அரைக்கும் ஓசை கேட்கும் வீடு உயிருள்ள வீடு. அந்த ஓசை ஒருவரின் பெருமூச்சாக இராமல், பகிர்ந்து செய்யும் உழைப்பின் இசையாக நம் இல்லங்களில் ஒலிக்குமாறு செய்வோமாக.